பட்டம் முடியமுதலே முதுமாணி: பல்கலைக்கழக நிர்வாகத்துக்கு வர நினைக்கும் வன்னிப் பிள்ளை ஒருவருக்குப் பதில்

கேள்வி: "முல்லைத்தீவு எனக்குச் சொந்த இடம். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வணிகக் கற்கைகள் பீடத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். மாமாவின் மகள் அமெரிக்காவில் படிக்கிறாள். இளமாணிப் பட்டம் முடியமுதலே, உயர்கல்வி நிர்வாகத்தில் முதுமாணிப் பாடங்களைத் தொடங்கிவிட்டாளாம். 'நாலும் ஒன்றும்' என்று அந்த முறையைச் சொல்கிறாள். எனக்கும் பல்கலைக்கழக நிர்வாகத்தில் வேலை செய்யத்தான் ஆசை. அந்த மாதிரி இங்கே படிக்க முடியுமா? அம்மா, படித்தது காணும், வேலைக்குப் போ என்கிறா. என்ன செய்யலாம்?"

தங்கச்சி, நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் மச்சாள் படிப்பது முறையான படிப்பு; அதில் ஏமாற்று எதுவும் இல்லை. உயர்கல்வி நிர்வாகத்துக்கு அப்படியொரு வழி எங்கள் அரச பல்கலைக்கழகங்களில் கிடையாது. இங்கே இளமாணிப் பெறுபேறு கையில் வந்த பிறகுதான் முதுமாணிக்குப் பதியலாம். அந்த அமெரிக்க முறைக்குள் இரண்டு பகுதி இருக்கிறது. ஒன்று காசையும் காலத்தையும் மிச்சம் பிடிக்கிறது. மற்றது ஆளைத் தயார் செய்கிறது. முதலாவது உங்களுக்குத் தேவைப்படாது. இரண்டாவதை உங்கள் பல்கலைக்கழகம் இருக்கிற பம்பைமடுவிலேயே அடுத்த செமஸ்டரில் தொடங்கலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அங்கத்தைய கணக்கு. அமெரிக்காவில் இளமாணி என்றால் பெரும்பாலும் 120 கிரெடிட் (படிப்பின் அளவை எண்ணும் அலகு), நாலு வருடம். உயர்கல்வி நிர்வாக முதுமாணி வழக்கமாக 30 தொடக்கம் 36 கிரெடிட். இன்னும் கூடக் கேட்கும் இடங்களும் உண்டு. தனித்தனியே படித்தால் ஆறு வருடம், 156 கிரெடிட் வரை போகும். நாலும் ஒன்றும் முறையில் மூன்றாம் வருடத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் சராசரிப் புள்ளி 3.0 அல்லது அதற்கு மேல் கேட்பார்கள். எடுபட்டால் நாலாம் வருடத்தில் மூன்று நாலு முதுமாணிப் பாடங்களை இளமாணிப் பிள்ளைகளாகவே எடுக்கலாம். அந்த 9 அல்லது 12 கிரெடிட் இரண்டு பட்டத்துக்கும் சேர்த்து எண்ணப்படும். இந்த இரட்டை எண்ணலில்தான் முழு மிச்சமும் இருக்கிறது. 36இல் 12 நாலாம் வருடத்திலேயே போய்விட்டால் மிச்சம் 24. இரண்டு செமஸ்டரும் ஒரு கோடை விடுமுறையும் போதும், ஐந்தாம் வருட முடிவில் இரண்டு பட்டமும் கையில்.

அங்கே இது பெரிய விசயம். ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் காசு கட்டுகிற நாட்டில் 12 கிரெடிட் குறைந்தால் குடும்பத்தின் கடன் குறையும். நாலாம் வருடத்தில் எடுக்கும் பாடங்களுக்கு இளமாணிப் பிள்ளைக்கான உதவித்தொகையே செல்லும். முதுமாணிக்குப் போன பிறகு அந்த உதவிகளில் பல நின்றுவிடும். பெல் மானியம் என்று அவர்கள் சொல்லும், திருப்பிக் கட்டத் தேவையில்லாத அரசாங்க உதவி முதல் பட்டத்தோடு முடிந்துவிடும். ஆகவே மச்சாள் செய்தது அவளுக்குப் புத்திசாலித்தனமான வேலைதான்.

இப்போது உங்களைப் பாருங்கள். கல்வி அமைச்சர் கன்னங்கராவின் காலத்திலிருந்து எங்கள் நாட்டில் முதல் பட்டம் இலவசம். அந்த நாலு வருடத்துக்கு நீங்கள் கற்பித்தல் கட்டணம் கட்டவில்லை. மகாபொலவோ பர்சரியோ என்று உதவித்தொகை வேறு வருகிறது. காசு கட்ட வேண்டியது முதுமாணிக்குத்தான். இலவசமாகக் கிடைக்கிற நாலு வருடத்தைச் சுருக்கி, காசு கட்டுகிற படிப்புக்குள் அவசரமாக ஓடுவதில் உங்களுக்கு என்ன இலாபம்? எங்கள் கணக்கு தலைகீழானது. இலவச வருடங்களை முழுதாகப் பயன்படுத்த வேண்டும். கட்டணப் படிப்புக்கு ஆயத்தமான பிறகு போக வேண்டும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நாலும் ஒன்றும் வழி பொதுவாக அந்தந்தப் பல்கலைக்கழகம் தன்னுடைய சொந்த இளமாணிப் பிள்ளைகளுக்குத் திறந்து வைக்கிற கதவு. வெளியில் பட்டம் முடித்தவர்கள் வழமையான முதுமாணிக்குத்தான் விண்ணப்பிக்கலாம். வவுனியாவிலிருந்து நேராக அந்த ஐந்தாம் வருடத்துக்குள் போய் இறங்க வழியில்லை. 'இங்கே மூன்று வருடம், அங்கே இரண்டு வருடம், இரண்டு பட்டம்' என்று யாராவது முகவர் காசு கேட்டால், அந்தப் பல்கலைக்கழகத்தின் அனுமதிப் பிரிவுக்கு நீங்களே மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். கேட்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

அவசரப் படிப்புக்கு ஒரு மறைமுக விலையும் உண்டு. இதை மச்சாளிடமும் சொல்லுங்கள், அவளுக்கும் உதவும். இந்தத் துறையில் அமெரிக்க முதுமாணி மாணவர்கள் பலர் பட்டதாரி உதவியாளராக வேலை செய்துகொண்டே படிக்கிறார்கள். மாணவர் விடுதியைக் கவனிப்பார்கள், முதலாம் வருடப் பிள்ளைகளுக்குப் பாட ஆலோசனை சொல்வார்கள், அனுமதிப் பிரிவில் கோப்பு பார்ப்பார்கள். அதற்குச் சம்பளம் உண்டு. பல இடங்களில் கற்பித்தல் கட்டணத்தையும் முழுதாகவோ பகுதியாகவோ தள்ளுபடி செய்வார்கள். இந்த இடங்கள் பெரும்பாலும் இரண்டு வருடம் முழுதாகப் படிக்கிறவர்களை மனதில் வைத்து உருவானவை. ஒரே வருடத்தில் முடித்து ஓடுகிற பிள்ளைக்கு அது கிடைக்காமல் போகலாம். அப்படிக் கிடைக்காவிட்டால், கட்டணம் கட்டி ஒரு வருடத்தில் முடிப்பதைவிட, கட்டணத் தள்ளுபடியோடு இரண்டு வருடம் படிப்பது மலிவாகவும் வந்துவிடும். கூடவே இரண்டு வருட அனுபவம். வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் அந்த அனுபவத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். இருபத்திரண்டு வயதில் இரண்டு பட்டத்தோடு வந்து நிற்கிற பிள்ளையிடம், 'விடுதியில் இரவு பன்னிரண்டு மணிக்கு ஒரு பிரச்சினை வந்தால் என்ன செய்வாய்?' என்று கேட்டால் புத்தகத்தில் இருந்து பதில் வராது.

வெளிநாட்டு மாணவருக்கு இன்னுமொரு கணக்கு இருக்கிறது. எஃப்-1 விசாவில் படித்து முடித்தால் வேலைப் பயிற்சிக்கு 12 மாதம் தருவார்கள். விஞ்ஞானம், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தவர்களுக்கு மேலும் 24 மாதம் நீட்டிப்பு உண்டு. உயர்கல்வி நிர்வாகம் அந்தப் பட்டியலில் வராது. கடன் எடுத்துப் போய், அங்கே உழைத்து அடைக்கலாம் என்ற நினைப்பில் இந்தப் படிப்புக்குப் போகக் கூடாது.

சரி, அந்தப் படிப்பில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்? அங்கே இது நேற்று வந்த துறை இல்லை. உயர்கல்வியைப் பற்றிய முதல் பாடத்தை 1893இல் கிளார்க் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி ஹோல் நடத்தினார் என்பார்கள். இன்றைக்கு நாஸ்பா என்று அழைக்கப்படும் மாணவர் விவகார நிர்வாகிகளின் சங்கம் 1919இல் தொடங்கியது. பாடங்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் இருக்கும்: உயர்கல்வியின் வரலாறு, பல்கலைக்கழக ஆட்சி முறை, நிதி, சட்டம், மாணவர் வளர்ச்சிக் கோட்பாடுகள், மதிப்பீடு, அதோடு ஒரு அலுவலகத்தில் செயல்முறைப் பயிற்சி.

கோட்பாடு என்றதும் காற்றில் பேசுவது என்று எண்ண வேண்டாம். வின்சென்ட் டின்டோ என்ற சமூகவியலாளர் 1975இல் ஒரு விளக்கம் கொடுத்தார். ஒரு பிள்ளை படிப்பை இடையில் விடுவதற்குக் கெட்டித்தனம் குறைவு என்பது மட்டும் காரணமில்லை. வகுப்போடும் கூட்டாளிமாரோடும் அந்த இடத்தோடும் பிள்ளை ஒட்டிக்கொள்ளாமல் போனால் மெல்ல மெல்ல விலகிப் போய்விடும் என்றார். எங்கள் பிள்ளைகளுக்குப் பொருத்திப் பாருங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் பையைத் தூக்கிக்கொண்டு மாங்குளம், மல்லாவிப் பக்கம் பஸ் ஏறி, திங்கட்கிழமை காலை எட்டு மணி விரிவுரைக்குப் பிந்தி வந்து சேர்கிற பிள்ளை, முதல் செமஸ்டரில் எவ்வளவு ஒட்டியிருக்கும்? வீட்டில் தாய் தனிய, தோட்டத்தையும் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு வரவு 80 வீதத்துக்குக் கீழே போய், பரீட்சை எழுத அனுமதி மறுக்கப்பட்டால், கோப்பில் 'வரவு போதாது' என்ற ஒரு வரிதான் இருக்கும். அந்த வரிக்குப் பின்னால் இருப்பதைப் படிக்கத் தெரிந்த நிர்வாகி வேண்டும். அதைக் கண்டுபிடிக்கப் பரீட்சைக் காலம் வரை காத்திராமல், ஐந்தாம் ஆறாம் கிழமையிலேயே வரவுப் பட்டியலைப் பார்த்துப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கதைக்கிற நிர்வாகி வேண்டும்.

சட்டப் பாடமும் அப்படித்தான். அங்கே கல்வியில் பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்கும் 1972இன் டைட்டில் ஒன்பது, மாணவர் ஆவணங்களின் இரகசியம் பற்றிய 1974ஆம் ஆண்டுச் சட்டம், வளாகக் குற்றங்களை வெளிப்படுத்தச் சொல்லும் 1990ஆம் ஆண்டின் கிளெரி சட்டம் என்று படிப்பிப்பார்கள். இங்கே வந்து வேலை செய்கிறவருக்கு அவை ஒப்பிட்டுப் பார்க்கத்தான் உதவும். உங்களுக்குத் தேவை 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம், பகிடிவதையைத் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். இந்த நாலையும் எந்தப் பட்டமும் இல்லாமல் இன்றைக்கே எடுத்து வாசிக்கலாம்.

இனி, புத்தகத்தில் வராத ஒன்றைச் சொல்கிறேன். புதுமுக மாணவர் பதிவு நாளில் பம்பைமடுவிலோ கிளிநொச்சி அறிவியல் நகரிலோ காலையில் போய் ஓரமாக நின்று பாருங்கள். ஒரு பிள்ளை தாயோடு வந்து நிற்கும். கையில் பொலித்தீன் உறைக்குள் ஆவணங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு மாதிரி, உயர்தரப் பெறுபேற்றில் இன்னொரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு எழுத்துக் கூட. கேட்டால், 2009இல் இடம்பெயர்ந்தபோது வீட்டிலிருந்த கடதாசி எல்லாம் போய்விட்டது, பிறகு எடுத்த பிரதியில் இப்படி வந்துவிட்டது என்பார்கள். அடுத்தது பர்சரிப் படிவம். தகப்பனின் தொழில், தகப்பனின் வருமானம். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர், 'அப்பாவின்ர வருமானச் சான்றிதழ் எங்கே?' என்று வழமையான குரலில் கேட்கிறார். தாய் பேசவில்லை. பிள்ளை தாயைப் பார்க்கிறது. பின்னால் வரிசை நிற்கிறது. 'இறந்துவிட்டாரா? அப்ப மரணச் சான்றிதழைத் தாங்கோ' என்பது அடுத்த கேள்வி. அந்தத் தாய், காணாமல் போன கணவருக்கு இத்தனை வருடமாக மரணச் சான்றிதழ் வாங்க மறுத்து நிற்கிறவவாக இருக்கலாம். எங்கள் மாவட்டங்களில் அப்படி எத்தனையோ தாய்மார் வீதியோரக் கொட்டகையில் படத்தோடு இருந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அந்த மேசையில் இருக்கிறவருக்கு இரண்டு விசயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, சட்டம். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மரணப் பதிவு தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்துக்கு 2016இல் கொண்டுவந்த திருத்தத்தின் மூலம், மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆளைக் காணவில்லை என்பதைப் பதிவு செய்கிற சான்றிதழ் ஒன்றைக் குடும்பம் பெறலாம். இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுக்கத் தேவையில்லை. இரண்டாவது, மனிதரைக் கையாளும் விதம். எழும்பி அவர்களை ஒரு பக்கமாக இருத்த வேண்டும். வரிசைக்கு முன்னால் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கக் கூடாது. பெயர் வித்தியாசத்துக்குச் சத்தியக் கடதாசி வாங்கிக்கொண்டு பதிவை அன்றைக்கே முடிக்கலாமா என்று மேலதிகாரியிடம் கேட்டு, பிரதேச செயலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதை ஒரு துண்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு பின்னேரம், அடுத்த வருடப் படிவத்தில் இந்த இடத்தை எப்படி மாற்றி எழுதலாம் என்று ஒரு குறிப்பைக் கோப்பில் போட வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் நான் நிர்வாகம் என்பேன். ஒரு பிள்ளைக்கு உதவுவது நல்ல மனம். அடுத்த வருடம் வருகிற பிள்ளையிடம் அந்தக் கேள்வி போகாமல் செய்வதற்குப் படிவத்தை மாற்றத் தெரிய வேண்டும், எந்தக் குழுவில் அதை வைக்க வேண்டும் என்று தெரிய வேண்டும், அந்தக் குழு எப்போது கூடும் என்று தெரிய வேண்டும்.

இதைச் சொல்லக் காரணம், எங்கள் பக்கத்துப் பல்கலைக்கழகங்களின் வயது. வவுனியாவில் 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஆகஸ்ட் 1இல்தான் தனிப் பல்கலைக்கழகமானது. அதுவரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மூதவையும் (கல்வி விசயங்களைத் தீர்மானிக்கும் சபை) பேரவையும் (நிர்வாகத்தைப் பார்க்கும் சபை) பார்த்த வேலையை இப்போது சொந்த மூதவையும் சொந்தப் பேரவையும் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தின் கதையும் உங்களுக்குத் தெரியும்: 1990இல் கிளிநொச்சியில் தொடங்கி, போரில் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து, போர் முடிந்த பிறகு அறிவியல் நகருக்குத் திரும்பியது. பொறியியல், தொழில்நுட்ப பீடங்களும் இப்போது அங்கேதான். இப்படி இளசாக இருக்கிற நிறுவனங்களில் விதிகளும் படிவங்களும் வழக்கங்களும் இப்போதுதான் படிகின்றன. இன்றைக்கு உள்ளே வருகிற ஒரு நல்ல உதவிப் பதிவாளர் எழுதி வைக்கிற நடைமுறை முப்பது வருடத்துக்கு நிற்கும். மல்லாவியையும் நெடுங்கேணியையும் மடுவையும் தெரிந்த ஆட்கள் அந்த மேசையில் இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். உங்கள் கேள்வியைக் கண்டு சந்தோசப்பட்டதும் அதனால்தான்.

இப்போது வேலை. உங்களுக்கு இன்னும் ஒன்றரை வருடத்துக்குக் கிட்ட இருக்கிறது. அமெரிக்கப் பிள்ளை நாலாம் வருடத்தில் முதுமாணிப் பாடம் எடுப்பதற்குச் சமமான பயிற்சியை நீங்கள் இப்படி எடுக்கலாம்.

பல்கலைக்கழகங்கள் சட்டத்தை ஒருமுறை முழுதாக வாசியுங்கள். துணைவேந்தர், பதிவாளர், நிதியாளர், பேரவை, மூதவை, பீடச் சபை, இவற்றில் யாருக்கு எந்த அதிகாரம் என்று ஒரு தாளில் நீங்களே வரைந்து பாருங்கள். பிறகு உங்கள் பீடத்துக் கைநூலில் பரீட்சை விதிகளை வாசியுங்கள். மருத்துவச் சான்றிதழ் எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும், யாரிடம், அதை ஏற்பதோ மறுப்பதோ யார் முடிவு, மறுத்தால் எங்கே முறையிடலாம்? உங்கள் பட்ச்சில் பத்துப் பேரைக் கேளுங்கள், ஒருவருக்கும் முழுதாகத் தெரியாது. அந்த ஒரு விதியைத் தமிழிலும் சிங்களத்திலும் அரைப் பக்கத்தில் விளங்கும்படி எழுதி, உதவிப் பதிவாளரிடம் காட்டிச் சரிபார்த்து, மாணவர் சங்கத்தின் மூலம் பகிருங்கள். முதுமாணி வகுப்பில் இதைத்தான் ஒப்படையாகத் தருவார்கள்.

பீடச் சபையில் மாணவர் சார்பில் இரண்டு பேர் இருக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அடுத்த தேர்தலில் நில்லுங்கள். வென்றால் ஒரு பல்கலைக்கழகம் எப்படி முடிவெடுக்கிறது என்பதை உள்ளேயிருந்து பார்க்கலாம். அங்கே கூட்டக் குறிப்பைக் கவனியுங்கள். நல்ல குறிப்பில் என்ன தீர்மானம், எந்த விதியின் கீழ், யார் செய்ய வேண்டும், எந்தத் திகதிக்குள் என்ற நாலும் இருக்கும். கெட்ட குறிப்பில் 'கலந்துரையாடப்பட்டது' என்று மட்டும் இருக்கும். ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தக் கலந்துரையாடலில் இருந்து ஒருவரும் ஒன்றையும் எடுக்க முடியாது. குறிப்பு எழுதத் தெரிந்த ஆள் எந்த அலுவலகத்திலும் அரிது. இதை இருபத்து மூன்று வயதில் பழகிக்கொண்டால் கடைசிவரை கை கொடுக்கும்.

கடைசி வருட ஆய்வுத் தலைப்பை இப்போதே யோசியுங்கள். வணிகக் கற்கைகள் பிள்ளைகள் வழமையாக வங்கி, சந்தைப்படுத்தல் என்று போவார்கள். நீங்கள் உங்கள் பீடத்தையே எடுங்கள். வீட்டுத் தூரத்துக்கும் வரவுக்கும் என்ன தொடர்பு, உதவித்தொகை பிந்தினால் பிள்ளைகள் எதை வெட்டுகிறார்கள் என்ற மாதிரி ஒரு கேள்வி. மேற்பார்வையாளர் ஒத்துக்கொண்டால், தரவுக்கு முறைப்படி அனுமதி எடுத்துச் செய்யுங்கள். அது பட்டத்துக்கும் உதவும், பிறகு முதுமாணி விண்ணப்பத்தில் உங்கள் நோக்கத்தை எழுதும்போதும் உதவும். ஒரு வேலை இரண்டு பட்டத்துக்கு எண்ணப்படுகிற அந்த இலாபம் இங்கேயும் இப்படிக் கிடைக்கிறது. பீடத்தின் உள்ளக தர உறுதிப்படுத்தல் பிரிவையும் போய்ப் பாருங்கள். பாடநெறி மீளாய்வுக்கு ஆதாரம் சேர்க்கிற காலத்தில் அவர்களுக்குக் கை தேவைப்படும். நிர்வாகத்தை எழுத்திலும் எண்ணிலும் பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

மொழியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சுற்றறிக்கைகள் ஆங்கிலத்தில் வரும். உங்கள் பல்கலைக்கழகத்தில் சிங்களப் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர் தூர இடங்களிலிருந்து வந்து அதே மேசையின் முன்னால்தான் நிற்பார்கள். தங்கள் மொழியில் ஒரு சொல் கேளாமல் அலைகிற கஷ்டம் எங்களுக்குத் தெரியாததா? உங்கள் பட்ச்சிலேயே சிங்களக் கூட்டாளிமார் இருக்கிறார்கள், காசு கொடுத்து வகுப்புக்குப் போகத் தேவையில்லை. மூன்று மொழியிலும் ஒரு கடிதத்தை வாசித்துப் பதில் எழுதக்கூடிய ஆளாக நாலாம் வருடம் முடிய வேண்டும்.

முதுமாணிக்கு உள்ளூரில் என்ன இருக்கிறது? பட்டங்களை மட்டம் மட்டமாக வகுக்கும் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் மூன்று வருடப் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், 90 கிரெடிட். நாலு வருடச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம், 120. பாடநெறி முதுமாணி 9ஆம் மட்டம், 30 கிரெடிட். ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10ஆம் மட்டம், 60. இந்த 9க்கும் 10க்கும் உள்ள வித்தியாசத்தைப் பதிய முதலே கேளுங்கள். பின்னாளில் கலாநிதிப் பட்டம், பதவி உயர்வு என்று வரும்போது அது முன்னுக்கு வந்து நிற்கும். அமெரிக்கக் கிரெடிட்டையும் எங்கள் கிரெடிட்டையும் ஒன்றுக்கொன்று வைத்து எண்ணாதீர்கள். இங்கே ஒரு கிரெடிட் என்றால் வகுப்பும் சுயபடிப்பும் சேர்ந்து 50 மணித்தியாலம் என்ற கணக்கு. உங்களுக்குச் சிறப்புப் பட்டம் என்பதால் நாலு வருடம் கேட்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பிரச்சினை குறைவு. மூன்று வருடத்தோடு வெளியேற நினைக்கிற கூட்டாளிமாருக்கு இதைச் சொல்லுங்கள்.

உயர்கல்வி நிர்வாகம் என்றே பெயர் போட்ட முதுமாணியைத் தேடி அலைய வேண்டாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கல்வி முதுமாணி இருக்கிறது. கொழும்பில் முகாமைத்துவப் பட்டப்பின் படிப்பு நிறுவனத்தில் பொது நிர்வாக முதுமாணியும், இலங்கை அபிவிருத்தி நிர்வாக நிறுவனத்தில் பொது முகாமைத்துவ முதுமாணியும் இருக்கின்றன. பல்கலைக்கழக நிர்வாகத்துக்கு வருகிறவருக்கு இவற்றில் எதுவும் பொருந்தும். வணிகப் பட்டதாரியான உங்களுக்குப் பொது நிர்வாகம் கொஞ்சம் கூடப் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். உதவிப் பதிவாளர் பதவிக்கான பத்திரிகை விளம்பரம் ஒன்றை இப்போதே வெட்டி வைத்து, கேட்கிற தகைமையைப் பார்த்துப் படிப்பைத் தெரிவு செய்யுங்கள். ஒரு குழப்பத்தையும் தீர்த்து விடுகிறேன்: இலங்கை கல்வி நிர்வாக சேவை என்பது பாடசாலைகளும் வலயக் கல்வி அலுவலகங்களும் சார்ந்தது. அதில் சித்தியடைந்தால் பல்கலைக்கழகப் பதிவாளராகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு பாதை.

வெளிநாட்டு ஆசை இருந்தால், மச்சாளின் வழியைவிட உங்களுக்கு நேராகப் பொருந்துவது ஐரோப்பாவில் இருக்கிறது. மரிகே என்ற பெயரில், உயர்கல்வியில் ஆய்வும் புத்தாக்கமும் பற்றிய, ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் திட்டத்தில் கூட்டு முதுமாணி ஒன்று உண்டு. ஒஸ்திரியாவின் கிரெம்ஸ், பின்லாந்தின் தம்பெரே உட்படப் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் இரண்டு வருடப் படிப்பு. எராஸ்மஸ் முண்டுஸ் படிப்புகளுக்கு இளமாணி இறுதி வருடத்தில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம்; சேரும் திகதிக்கு முன் பட்டம் முடிந்தால் சரி. 2021 தொடக்கம் 2027 வரையான திட்டத்தில் புலமைப்பரிசில் மாதம் 1,400 யூரோ. படிப்புக் கட்டணம் அதற்கு மேலாக மூடப்படும். போட்டி கடுமை. அந்தக் கடைசி வருட ஆய்வு இங்கேதான் உங்களுக்காகப் பேசும். பொதுநலவாயப் புலமைப்பரிசில், அமெரிக்காவின் புல்பிரைட் ஆகியவையும் இலங்கையருக்குத் திறந்தவை. பிரித்தானியாவின் செவனிங் புலமைப்பரிசில் ஒரு வருட முதுமாணிக்கு. அதற்குப் பட்டத்தோடு 2,800 மணித்தியால வேலை அனுபவம் கேட்பார்கள், கிட்டத்தட்ட இரண்டு வருடம். படித்து முடித்து இரண்டு வருடமாவது சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எங்கள் பக்கத்துக்கு அது நல்ல நிபந்தனை.

ஆகவே அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவவோடு சண்டை பிடிக்காதீர்கள். பட்டம் முடிந்ததும் வேலைக்குப் போங்கள். பல்கலைக்கழகத்திலேயே கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் வவுனியாவில் இருக்கிற உயர் தொழில்நுட்ப நிறுவனம், அறிவியல் நகரில் இருக்கிற இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் போன்ற இடங்களில் மாணவர் பதிவு, பரீட்சை, விடுதி என்று எந்த மேசை கிடைத்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். தற்காலிக வேலை என்று தள்ள வேண்டாம். முதல் நாளிலிருந்தே நியமனக் கடிதம், சம்பளச் சிட்டை, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் என்று எழுதிய சேவைக் கடிதம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து, தொலைபேசியிலும் படம் எடுத்து வையுங்கள். எங்கள் பிள்ளைகள் பலர் வேலை செய்திருந்தும் அதற்கான கடிதம் இல்லாமல் புலமைப்பரிசில்களைத் தவறவிடுகிறார்கள். மச்சாளிடம் ஒரு உதவி கேளுங்கள்: அவளுடைய முதலாவது முதுமாணிப் பாடத்தின் பாடத்திட்டத்தையும் வாசிப்புப் பட்டியலையும் அனுப்பச் சொல்லுங்கள். அந்த வாசிப்பை நீங்களும் சேர்ந்து செய்யலாம். கிழமைக்கு ஒருமுறை வட்சப்பில் இருவரும் அதைப் பற்றிக் கதையுங்கள். அவளுக்கும் எங்கள் பக்கத்துக் கோப்புகளின் கதை தேவைப்படும்.